எல்லை தாண்டி நல்ல பீர் தேடப் போகும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால், குடிக்கும் பொருளிலும் மணமும் சுவையும் சரியாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு எப்போதும் உண்டு. எங்கள் ஊரில் அதற்கு வழியில்லை. 2003ஆம் ஆண்டின் இறுதியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்த பிறகு, அங்கே அடுக்கி வைத்திருப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் மது; ‘வேறு என்ன இருக்கிறது’ என்று கேட்பதற்குக்கூட அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நேரம் கிடைப்பதில்லை. இந்த நிலையில், எங்களிடம் கூழ் வாங்க வந்த பெங்களூரு வியாபாரி ஒருவர், தான் வாங்கும் பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் கூழில் ஒரு பகுதி, தாங்களே சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்கும் அங்குள்ள மைக்ரோ ப்ரூவரிகளுக்குப் போகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் சோதித்து அனுப்பும் கூழ் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் பீராக மாறுகிறது என்று கேட்டதும், அதை ஒருமுறையாவது குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது. அந்த ஆசைக்காகத் தனியாக இரண்டு முறை போனதில் எனக்கு வீணானது மட்டும் 17,340 ரூபாய். பணத்தைவிட, எல்லைச் சோதனைச் சாவடியில் மூன்று மணி நேரம் தலைகுனிந்து நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முன்பே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பயணம் 2024 ஜூன் 1, சனிக்கிழமை. மாம்பழப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது எங்களுக்கு விடுப்பே கிடையாது. மேலாளரிடம் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டு, மதியம் பேருந்து ஏறி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் வெந்து, இந்திராநகர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. நான் குறித்து வைத்திருந்த இடத்தின் வாசலில் பாதி இறக்கிய ஷட்டரும் ஒரு காவலாளியும் மட்டுமே இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததுமே தமிழில், “எலெக்‌ஷன் சார், நாலு மணிக்கே மூடியாச்சு. திங்கட்கிழமை சாயங்காலம்தான் திறப்பாங்க” என்றார். எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. விசாரித்தபோதுதான், அது கர்நாடகச் சட்ட மேலவையின் பட்டதாரிகள், ஆசிரியர்கள் தொகுதிகளுக்கான தேர்தல் என்றும், ஜூன் 3 வாக்குப்பதிவுக்காக இரண்டு நாட்களுக்கு முன்பே மது விற்பனையை நிறுத்திவிட்டார்கள் என்றும் தெரிந்தது. தமிழ்நாட்டில் மேலவையை 1986இலேயே கலைத்துவிட்டார்கள். அப்படி ஒரு தேர்தல் நடக்கும், அதற்காக ஒரு நகரமே மதுக்கடைகளை மூடும் என்ற நினைப்பே நம்மில் ஒருவருக்கும் எழாது. முன்பணம் கட்டிய அறைக்கு 2,200 ரூபாய், அதைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். பேருந்து, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து அன்று செலவான 3,300 ரூபாயில் எனக்குக் கிடைத்தது ஒரு மசால் தோசையும் காபியும்தான். ஆகவே, அக்டோபர் 2 போன்ற எல்லோருக்கும் தெரிந்த நாட்களோடு நின்றுவிடாமல், பெங்களூரில் எந்தத் தேர்தலாவது, வாக்கு எண்ணிக்கையாவது அந்த வாரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறை எடுங்கள். போகவிருக்கும் இடத்துக்கு அன்று காலையிலேயே தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிடுவது இன்னும் நல்லது. எனக்கு அந்த ஓர் அழைப்பு அன்றைய அலைச்சலையாவது மிச்சப்படுத்தியிருக்கும்.

இரண்டாவது பயணம் அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில். இந்த முறை சரியான நாள்தான், தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு. தங்கிய விடுதிக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் ‘கிராஃப்ட் பீர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பி நேராக அங்கே போனேன். சனிக்கிழமை இரவு, காதைப் பிளக்கும் பாட்டு, மெனு அட்டையைப் படிக்க முடியாத இருட்டு. கோதுமை பீர் ஒரு பெரிய மக் வாங்கினேன். நல்ல கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வர வேண்டும் என்று படித்திருந்தேன். அந்த இரண்டையும் தருவது பழமோ மசாலாவோ கிடையாது, அதற்கென்று பயன்படுத்தும் ஈஸ்ட். ஆனால் என் மூக்குக்கு முதலில் எட்டியது வினிகர். கெட்டுப்போன கூழ் டின்னைத் திறக்கும்போது வரும் அதே நெடி, எனக்கு ஒரு நாளும் தவறாத நெடி. பரிமாறியவரிடம் சொன்னேன், இந்த வகை பீர் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊருக்குப் புதியவன், கிராஃப்ட் பீரும் புதிது, ஒருவேளை நமக்குத்தான் தெரியவில்லையோ என்ற கூச்சத்தில் அதைக் குடித்து முடித்தேன். அடுத்து வாங்கிய இன்னொரு வகையில் சினிமா தியேட்டர் பாப்கார்னில் வருமே, அந்த வெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. பதினொரு ஆண்டுகளாக முகர்ந்து சம்பளம் வாங்கும் நான், சுற்றிலும் எல்லோரும் சந்தோஷமாகக் குடிப்பதைப் பார்த்து என் மூக்கையே சந்தேகப்பட்டதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பின்னால் தெரிந்துகொண்டவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் வாசனை பெரும்பாலும் டயாசிட்டைல் என்ற பொருளால் வருவது. நொதித்தல் முடியும் தறுவாயில் ஈஸ்ட் அதை உறிஞ்சிக்கொள்ளப் போதிய நாட்கள் கொடுக்காமல் அவசரப்பட்டால் அது பீரில் தங்கிவிடும், சரியாகக் கழுவாத குழாய்களில் பாக்டீரியா வளர்ந்தாலும் வரும். வினிகர் நெடி வந்தால் குழாயிலோ தொட்டியிலோ கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீரில் காற்று பட்டு அது பழசாகிவிட்டது. வேண்டுமென்றே புளிக்கவைத்துக் காய்ச்சும் ‘சவர்’ வகை பீர்கள் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அவற்றை மெனுவிலேயே அப்படிப் பெயர் போட்டுத்தான் விற்பார்கள். கோதுமை பீர் என்று எழுதிவிட்டு வினிகர் மணக்கும் ஒன்றைக் கொடுத்தால், ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல இடம் என்றால் மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருவார்கள். அதற்கும் முன்னால், பீர் காய்ச்சும் செம்பு அல்லது எவர்சில்வர் தொட்டிகள் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கே காய்ச்சுகிறீர்கள் என்று கேளுங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அந்தப் பதில் பயன்படும்.

அன்றிரவின் மிச்சக் கதை விஸ்கி. “உள்ளூர் சிங்கிள் மால்ட் ஒன்று கொடுங்கள்” என்றேன். மூன்று முறை வாங்கினேன். பில் வந்தபோது மூன்றும் ‘லார்ஜ்’, அதாவது 60 மில்லி. நான் கேட்டது ஒரு பெக், மனதில் நினைத்திருந்தது 30 மில்லி. அளவைச் சொல்லாவிட்டால் லார்ஜ்தான் என்பது அங்கே வழக்கமாம். உள்ளூர் என்று கொடுத்ததும் கோவாவில் வடித்த விஸ்கி. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருப்பதால் அப்படிச் சொல்லிவிட்டார்கள் போலும். விஸ்கி அருமையாகத்தான் இருந்தது, ஆனால் நான் தேடி வந்தது அது கிடையாது. இத்துடன் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. மொத்தம் 5,140 ரூபாய். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். எனக்கு அது அன்று தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த இரைச்சலில் வாதாடும் தெம்பு இருந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். தெளிவாக இருக்கும்போதே, முதல் சுற்றுக்கு முன்பே, அளவும் விலையும் வரியும் சேவைக் கட்டணமும் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். “தர்ட்டி எம்எல்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். பாட்டிலை மேசைக்குக் கொண்டுவந்து உங்கள் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, பகல் பன்னிரண்டு மணிக்கு வேறொரு ப்ரூவரிக்குப் போனேன். அந்த முடிவுதான் இந்த இரண்டு பயணங்களிலும் நான் செய்த ஒரே சரியான காரியம். மதிய நேரம், கூட்டமில்லை, வெளிச்சம் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆட்களுக்கு நேரம் இருக்கிறது. எதை வாங்குவது என்று தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பலகையில் ஆறு குழிகள், ஒவ்வொன்றிலும் டீ கிளாஸ் அளவில் ஒரு சிறு கண்ணாடிக் குவளை என்று ஆறு வகையையும் கொண்டுவந்து வைத்தார்கள். வெளிர்மஞ்சளில் தொடங்கி வலப்பக்கம் போகப் போக நிறம் அடர்ந்து, கடைசிக் குவளை நம் ஊர் டிக்காஷன் கறுப்பில் இருந்தது. இடமிருந்து வலமாகக் குடிக்கச் சொன்னார்கள். ‘ஸ்டவுட்’ என்ற கறுப்பு வகையையோ ‘ஐபிஏ’ என்ற கசப்பான வகையையோ முதலில் குடித்துவிட்டால் மெல்லிய பீர்களின் சுவை நாக்கில் ஏறாது. இரண்டாவது குவளையில் நான் முந்தைய இரவு தேடிய வாழைப்பழ வாசனை இருந்தது, நன்றாகப் பழுத்த பழத்தைத் தோலோடு மூக்கருகே பிடித்தது போல. என் மூக்கில் குறையில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் ஏற்பட்ட நிம்மதி பெரிது.

பீர் காய்ச்சும் இளம்பெண் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். நான் மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவன் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ஜூலையோட மாம்பழ பீர் முடிஞ்சிருச்சே சார், இப்ப வந்திருக்கீங்களே” என்று அவருக்கே வருத்தம். எங்களுக்குள் பேச்சு பிரிக்ஸ் கணக்கில் தொடங்கியது. நாங்கள் கூழின் இனிப்பை அளக்கும் அதே கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் பிளேட்டோ என்ற அளவில்தான் அவர்கள் மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் சாற்றை, அளக்கிறார்கள். கோதுமை பீருக்குச் சாறு 12 அளவில் இருந்தால் போதும், எங்கள் பெங்களூரா கூழோ 14க்குக் குறையாது, அல்போன்சா 16க்கு மேல். முதல் நொதித்தல் முடிந்த பிறகே கூழைச் சேர்க்கிறார்கள், முன்பே சேர்த்தால் பொங்கி வரும் வாயுவோடு மணமும் போய்விடும். கூழில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுவதால் மாம்பழ பீர் இனிக்காது. மணம் மாம்பழமாகவும் சுவை உலர்ந்தும் இருக்கும். இது தெரியாமல் இனிப்பை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய பேர் என்றார். ஆறு குவளைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து அங்கே ஆனது 1,650 ரூபாய். எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, 2010இல் இந்திராநகரில் தொடங்கிய டாய்ட், 2012இல் வந்த ஆர்பர், வைட்ஃபீல்டிலுள்ள விண்ட்மில்ஸ் ஆகிய ப்ரூவரிகளின் பெயர்களைச் சொல்லுகிறேன். இவை நீண்ட நாட்களாகத் தாங்களே காய்ச்சி நிலைத்து நிற்பவை. ஆனால் எங்கே போனாலும் மதியத்தில் போங்கள்.

விஸ்கியைப் பற்றியும் அந்த மேசையில்தான் விளங்கிக்கொண்டேன். நம் கடைகளில் இந்திய விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் கலந்தது. லேபிளில் ‘சிங்கிள் மால்ட்’ என்று இருந்தால், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே ஆலையில் வடித்தது. பெங்களூரு மண்ணின் சிங்கிள் மால்ட் என்றால் அது அம்ருத். 1948இல் தொடங்கிய நிறுவனம், ஆலை மைசூர் சாலையில் கம்பிபுராவில் இருக்கிறது. இந்திய சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் கிளாஸ்கோவில் கொண்டுபோய் விற்றார்கள். ஸ்காட்ச் விஸ்கி பிறந்த ஸ்காட்லாந்து மண்ணிலேயே. பஞ்சாபுப் பக்கத்து பார்லியையும் ஸ்காட்லாந்தில் பீட் என்ற சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்திய பார்லியையும் சேர்த்துச் செய்த அவர்களுடைய ஃப்யூஷன் என்ற விஸ்கியை, விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தம் 2010 மதிப்பீட்டில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரு வெயிலில் 10 முதல் 12 சதவீதம் போய்விடுகிறது. அதே வெயில்தான் மரத்தின் சுவையை விரைவாக விஸ்கிக்குள் இறக்குகிறது. அதனால் லேபிளில் 12 ஆண்டு, 18 ஆண்டு என்று வயதைத் தேடி ஏமாற்றமடைய வேண்டாம், நம் தட்பவெப்பத்தில் நான்கைந்து ஆண்டுகளே நிறைய. ஃப்யூஷன் 50 சதவீத ஆல்கஹால் கொண்டது என்பதால் அப்படியே குடித்தால் நாக்கு மரத்துப்போகும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் புகையும் பழமும் தனித்தனியாகத் தெரியும்.

இவ்வளவு நல்லதைக் குடித்த மகிழ்ச்சியில்தான் பெரிய தவறைச் செய்தேன். திரும்பும் வழியில் உரிமம் பெற்ற கடையொன்றில் இரண்டு சிங்கிள் மால்ட் பாட்டில்களை 8,900 ரூபாய்க்கு வாங்கி, ரசீதையும் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு, துணிப்பையில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி வைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று மைத்துனருக்கு. முறையாகக் காசு கொடுத்து வாங்கியதுதானே என்ற தைரியம். எல்லையைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி இரண்டு காவலர்கள் ஏறினார்கள். என் இருக்கைக்கு வந்த ஒருவர், “பையில என்ன சார்?” என்றார். மறைக்கத் தெரியாமல் உள்ளதைச் சொல்லி ரசீதை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் அமைதியாக, “இது அந்த ஊர்ல வாங்கினதுக்குச் சாட்சி சார், இங்க கொண்டு வர்றதுக்கு அனுமதி இல்ல” என்றார். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ரசீது இருக்கிறது, சொந்த உபயோகம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. என்னை இறங்கச் சொன்னார்கள். மூன்று இருக்கை முன்னால் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தவர், என்னைத் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வலிக்கக் கூடாது என்று அவர் செய்த மரியாதை அது என்று இப்போது புரிகிறது, அந்த நேரத்தில் உடம்பே கூசிப்போயிற்று.

பேருந்து போய்விட்டது. மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்து, பெயர், முகவரி, வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, பாட்டில்களைப் பறிமுதல் செய்து, இனி இப்படிப் பிடிபட்டால் வழக்குதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை ஏதுமில்லை, மரியாதையாகவே நடத்தினார்கள். வேலை செய்யும் இடத்தின் பெயரை எழுதும்போது என் கை நடுங்கியது. வழக்கு என்று ஒன்று பதிவாகியிருந்தால் ஆலையில் என்ன சொல்வது, மகளின் பள்ளிக்கூடத்தில் யார் காதுக்காவது போனால் என்ன ஆவது என்றுதான் மூன்று மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. “சாப்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆகவே, ஓசூர்க்காரராக இருந்தாலும் தருமபுரிக்காரராக இருந்தாலும், ஒரு பாட்டில்கூட வாங்கி வராதீர்கள். காரில் போனால் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். கார் என்றால் பாட்டிலோடு வண்டியும் மாட்டும். குடித்துவிட்டு அந்த நெடுஞ்சாலையில் ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சூளகிரிப் பக்கம் எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறோம்.

இப்போதும் ஆண்டுக்கு இரண்டு முறை போய் வருகிறேன். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்த பிறகு பயணம் எவ்வளவோ எளிதாகிவிட்டது. ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால் சில்க் போர்டு நெரிசலே கிடையாது, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கும் மாறி இந்திராநகரில் இறங்கிக்கொள்ளலாம். அறையை நடந்து போகும் தூரத்தில் எடுத்துக்கொள்கிறேன். மதியம் பீர், சாயங்காலம் 30 மில்லி விஸ்கி ஒன்று, இரவு தூக்கம், மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான் பேருந்து. கடைசியாக மாம்பழப் பருவத்தில் போனபோது அந்த ப்ரூவரியில் மாம்பழ பீர் இருந்தது. குவளையை மூக்கருகே கொண்டுபோனதும், மே மாதத்தில் எங்கள் ஆலையின் கூழ் பிழியும் பகுதிக்குள் நுழையும்போது வருகிற அதே மணம், அதில் பெங்களூராவின் லேசான புளிப்பும் தெரிந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது பெங்களூரா மட்டும் இல்லம்மா, கொஞ்சம் அல்போன்சாவும் போட்டிருக்கீங்க” என்றேன். எண்பதுக்கு இருபது என்று விகிதத்தைச் சொன்னார். போக வர, அறை, சாப்பாடு, பீர், விஸ்கி எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்துக்கு ஆன செலவு 5,200 ரூபாய். திரும்பும்போது மகளுக்காக வாங்கிய மைசூர்பாகு தவிரப் பையில் எதுவும் இல்லை.